என் பக்கம், உங்க பக்கம்

துருவியின் அப்பாவுக்குச் சலவை மெஷின் பழுதுபார்ப்பது தண்ணீர் பட்ட பாடு. மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டே, "பெல்ட் தேய்ஞ்சிருக்கு", "உள்ளே சட்டைப் பொத்தான் ஒண்ணு சிக்கியிருக்கு" என்று சொல்லிவிடுவார். ஆனால், அந்த மெஷின் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் மனிதர் படும் பாடு இருக்கிறதே, அப்பப்பா!

துருவி என்பது அவளுக்கு அம்மா வைத்த செல்லப்பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். பத்து வயதுதான் ஆகிறது. அதற்குள் வீட்டில், பள்ளியில், பக்கத்து வீட்டில் என்று ஒருவர் பொறுமையையும் சோதிக்காமல் விட்டதில்லை.

அப்பாவுக்கு வந்த தொல்லை இடது, வலது. சும்மா நிற்கும்போது கேட்டால் சரியாகத்தான் சொல்வார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போதும், எல்லாம் குழம்பிவிடும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும் கையைத் தூக்குவார். காற்றில் ஒரு திருகு திருகுவார். "ஆங், இதுதான் வலது!" என்று கண்டுபிடிப்பார். திரும்ப வேண்டிய தெரு அப்போது எங்கேயோ பின்னால் போயிருக்கும்.

அதனால் அம்மாவும் எப்போதும் கூடவே போவார். அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை அம்மாவுடையது. அந்தக் காரில் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. "என் பக்கம் திரும்புங்க" என்றால் அம்மா உட்கார்ந்திருக்கும் பக்கம். "உங்க பக்கம் திரும்புங்க" என்றால் அப்பா உட்கார்ந்திருக்கும் பக்கம். அவ்வளவுதான். கார் பிசகாமல் போய்விடும்.

இப்படி எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நீச்சல் குளத்திலிருந்து போன் வந்தது.

அம்மா ஒரு காலத்தில் நல்ல நீச்சல் வீராங்கனை. குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. அந்த வேலை இப்போது கிடைத்துவிட்டது! திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள். அலமாரியில் கிடந்த பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்ட அம்மா, அதைக் கழற்றாமலே சமைத்தார், துணி மடித்தார். துருவி சாப்பாட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது "பீப்!" என்று ஒரு ஊது ஊதினார்.

"அப்போ அப்பா கூட யாரு போவாங்க?" என்று துருவி கேட்டாள்.

"நானென்ன சின்னப் பிள்ளையா? தனியா போய்க்குவேன்" என்றார் அப்பா.

சனிக்கிழமை அப்பா தனியாகப் புறப்பட்டார். போக வேண்டிய வீடு கூப்பிடு தூரம்தான். வெகுநேரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, இங்க ஒரு பெரிய ஏரி இருக்கு. நம்ம ஊர்ல ஏரி இருக்கா?"

"நம்ம ஊர்ல ஏதுங்க ஏரி!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார் அம்மா.

அந்த வீட்டுக்காரர்கள் ஈரத்துணியோடு காத்திருந்து பார்த்துவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா விசிலைக் கழற்றி அலமாரியில் வைத்தார்.

"குளத்துக்கு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உறுதி சொல்லணும். வரலைன்னு சொல்லிடறேன்" என்றார்.

துருவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்ததே இல்லை.

"அதெல்லாம் சொல்ல வேண்டாம். காருக்கு ஒரு ஜிபிஎஸ் வாங்கிடலாம். அது வழி சொல்லும்" என்றார் அப்பா.

"போன்லயே வழி பார்க்கலாமே?" என்றாள் துருவி.

"உங்க அப்பாவுக்குப் போன் வாங்கித் தர்றதும் ஒண்ணுதான், தண்ணியில வீசுறதும் ஒண்ணுதான்" என்றார் அம்மா. அது உண்மைதான். குனிந்து வேலை செய்யும்போது அப்பாவின் சட்டைப்பையிலிருந்து போன் வழுக்கும். நேராக மெஷினுக்குள் விழும். நல்ல நல்ல போன்களெல்லாம் அப்படிக் குளித்துச் செத்துப்போன பிறகுதான் அவர் பொத்தான் வைத்த பழைய போனுக்கு மாறினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண்மணி மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, அதையே மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கு, ஆன்ட்டி" என்றாள் துருவி.

"அட, ஆமா! வாங்க வாங்க" என்று சிரித்தபடி மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது. திரை பளபளவென்று இருந்தது. ஒன்று நடுத்தரம். மூன்றாவது உள்ளங்கை அளவுதான். அதன் பெட்டியில் தூசி படிந்திருந்தது.

பெரியதன் விலையைக் கேட்டதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு எல்லா விலையும் மெஷின் பாகங்களின் கணக்கில்தான் புரியும்.

"இதுக்கு ஒரு புது மெஷினே வாங்கிடலாமே! இந்த நடுவில இருக்கிறது?"

கடைக்காரர் விலையைச் சொன்னார்.

"ம்ம்... ஒரு மோட்டார். அந்தச் சின்னது?"

"அது பழைய மாடல் சார். சும்மா கிடக்கு. பாதி விலைக்குத் தர்றேன். ஆனா பெரிசுதான் தெளிவா வழி சொல்லும். வேணும்னா கார்ல வச்சு ஒரு சுத்துப் போய்ப் பாருங்க."

அம்மா அப்பாவின் கையைத் தொட்டார். "கொஞ்சம் கடன் வாங்கினாலும் பரவாயில்லங்க. நல்லதா பாருங்க."

பெரிய கருவியைக் காரில் மாட்டினார்கள். அம்மா கடையிலேயே நின்றுகொண்டார். துருவி பின்னால் ஏறிக்கொண்டாள்.

"நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது பெரியது. குரல் தேனாக இருந்தது.

அப்பா கையைத் தூக்கினார். காற்றில் திருகினார். தெரு போயே போய்விட்டது.

"பாதை மாற்றப்படுகிறது. இடதுபுறம் திரும்பவும்."

மறுபடியும் கை தூக்கல், மறுபடியும் திருகல். அப்பாவின் நெற்றி வியர்த்துவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் யார் யாரையோ கேட்டுத்தான் கடைக்குத் திரும்பி வந்தார்கள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மண்டையில ஏறல" என்றார் அப்பா மெதுவாக.

"சரி, விடுங்க. வீட்டுக்குப் போய்க் குளத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், அது அம்மாவின் உண்மையான சிரிப்பு இல்லை என்று துருவிக்குத் தெரியாதா என்ன?

அவள் மேஜைமேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டாள். துருவ ஆரம்பித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, இதுக்கு வேற மாதிரி பேசத் தெரியுமா?"

"ஓ! ஆண் குரல், பெண் குரல், தாத்தா குரல் எல்லாம் இருக்கு."

"குரல் இல்ல ஆன்ட்டி, வார்த்தை. 'என் பக்கம் திரும்புங்க'ன்னு சொல்லுமா?"

கடைக்காரர் விழித்தார். "யார் பக்கம்?"

"எங்க அம்மா பக்கம்."

"மெஷினுக்கு உங்க அம்மாவை எப்படிடா தெரியும்?"

"நாம சொல்லிக் கொடுத்தா தெரிஞ்சுக்குமா?"

கடைக்காரர் அந்தத் தூசி படிந்த பெட்டியைப் பார்த்தார்.

"இரு, இரு. இந்தச் சின்னதுல நம்ம குரலையே பதிஞ்சு வைக்கலாம். புது மாடல்ல எடுத்துட்டாங்க. இதை இதுவரைக்கும் யாரும் சீண்டினதே இல்ல!"

துருவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஓரடி பின்னால் போனார்.

"என்னது? கடைக்கு நடுவுல நின்னு 'என் பக்கம் திரும்புங்க'ன்னு நான் கத்தணுமா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"கார்ல உட்கார்ந்து சொல்லும்மா. எப்பவும் உட்கார்ற இடத்துலயே."

அம்மா காரில் போய் உட்கார்ந்தார். திரையில் அம்புக்குறி ஒவ்வொன்றாக வந்தது. தன் பக்கம் காட்டியதற்கு ஒன்று, அப்பா பக்கம் காட்டியதற்கு ஒன்று என்று பேசப் பேசக் கூச்சம் போய்விட்டது.

"போக வேண்டிய இடம் வந்ததும் என்ன சொல்லட்டும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வந்தாச்சு. முதல்ல தண்ணி குடிங்க."

"தப்பான வழியில போனா?"

அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே விசில் இல்லை. துருவி தன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள்.

"அடிக் கள்ளி! இதை எப்ப எடுத்தே?"

"பீப்!" என்று பதிவானது. அதோடு விட்டிருக்கலாம். அப்பா ஜன்னலுக்கு வெளியே பாவமாக நிற்பதைப் பார்த்த அம்மா, குரலைத் தணித்து இன்னொன்றும் சேர்த்தார். "பரவாயில்லங்க. திரும்பி வாங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

கடைக்காரர் சின்னதை அப்பாவின் பக்கத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினார். "இங்கதான் டிரைவருக்கு நல்லாத் தெரியும்" என்றார். அம்மா மறுபடியும் கடை வாசலில் நின்றுகொண்டார். கார் கிளம்பியது.

"என் பக்கம் திரும்புங்க" என்றது சின்னது.

அப்பா சட்டென்று திரும்பினார். கையைத் தூக்கவில்லை, திருகவில்லை.

"பீப்! பரவாயில்லங்க. திரும்பி வாங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

"என்னடா இது! இதுவும் போச்சா?" என்றார் அப்பா. "குரல் கேட்ட பக்கம்தானே திரும்பினேன்?"

துருவி முன்னால் எட்டிப் பார்த்தாள். அம்மாவின் காலி இருக்கையைப் பார்த்தாள். கண்ணாடியின் மறு ஓரத்தில் ஒட்டியிருந்த கருவியைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பா, வண்டியை ஓரமா நிறுத்துங்க! அம்மா இடம் மாறி உட்கார்ந்திருக்காங்க!"

கருவியைப் பிய்த்து எடுத்தாள். அம்மா உட்காரும் பக்கம் கொண்டுபோய், கண்ணாடியில் அழுத்தி ஒட்டினாள். அதன் தலையில் ஒரு தட்டும் தட்டினாள். "இப்ப சொல்லும்மா."

"என் பக்கம் திரும்புங்க."

அப்பா திரும்பினார். விசில் இல்லை.

"உங்க பக்கம் திரும்புங்க."

திரும்பினார். விசில் இல்லை. அப்பாவின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. அடுத்த திருப்பத்தில் மெல்ல சீட்டி அடிக்கவே ஆரம்பித்துவிட்டார். கடை வாசலில் கைகளைப் பிசைந்தபடி அம்மா நிற்பது தெரிந்தது.

"வந்தாச்சு. முதல்ல தண்ணி குடிங்க" என்றது சின்னது.

"சரிம்மா" என்று அதற்குப் பதில் சொன்னார் அப்பா. பிறகு தலையை வெளியே நீட்டி, "ஒரு விசில்கூட வாங்கலை!" என்று கத்தினார். அது முழு உண்மை இல்லை. துருவி காட்டிக்கொடுக்கவில்லை.

அம்மா அங்கேயே நின்று குளத்துக்குப் போன் செய்தார். "நாளைக்குக் காலையில வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, விசிலை மறுபடியும் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அப்பா அந்தப் பக்கம் கடைக்காரரிடம், "ரெண்டு பம்ப் விலைதான்! ரெண்டே பம்ப்!" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

திங்கட்கிழமை மாலை. அப்பாவும் துருவியும் அம்மாவைக் கூட்டிவரப் போனார்கள். அன்றைக்கு அப்பா போன வீடுகளுக்கெல்லாம் சொன்ன நேரத்துக்குப் போயிருந்தார். ஒரு வீட்டில் அவர்கள் தூங்கி எழுவதற்கு முன்பே போய் நின்றுவிட்டாராம்.

அம்மா ஈரத்தலையோடு ஓடிவந்து ஏறினார். "ஒரு வாண்டு, தண்ணியில இறங்கவே மாட்டேன்னு அழுதுச்சுங்க. சாயங்காலம் வெளியே வர மாட்டேன்னு அழுதுச்சு!" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

"என் பக்கம் திரும்புங்க" என்றது சின்னது.

"அது கிடக்குது. நீங்க உங்க பக்கம் திரும்புங்க. குறுக்குச் சந்துல போனா சீக்கிரம் போயிடலாம்" என்றார் அம்மா.

அப்பா காரை ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னால் திரும்பினார்.

"ஏம்மா துருவி, இப்ப நான் எந்த அம்மா பேச்சைக் கேக்கிறது?"

"வேலைக்குப் போய்ட்டு வந்த அம்மா பேச்சைத்தான்!"

அப்பா தன் பக்கம் திரும்பினார்.

"பீப்!"

"யாரைப் பார்த்து விசில் அடிக்கிறே? என்கிட்டயேவா? பிச்சிடுவேன், ஆமா!" என்று அம்மா சின்னதை மிரட்டினார்.

சந்து வளைந்தது. இன்னொரு தரம் வளைந்தது. பிறகு, புத்தம் புதிதாக எழுப்பிய ஒரு சுவருக்கு முன்னால் அசட்டுத்தனமாக முடிந்துபோனது. அப்பா காரை நிறுத்தினார். துருவி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சுவரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"பரவாயில்லங்க" என்றது சின்னது, அம்மாவின் அதே கனிந்த குரலில். "திரும்பி வாங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

அம்மாதான் முதலில் சிரித்தார்.