தரைக்கு அடியில் தீனி

செல்போன் அலறியது.

லாம் திடுக்கிட்டு எழுந்தான்.

"மீன் ஆலையிலேருந்து மியென் பேசறேன் அண்ணே. படகுல வந்துக்கிட்டே இருக்கேன். அறுவடைக்கு முன்னாடி ஒரு மீனை அறுத்துப் பாக்கணும்."



ஹாவ் ஆற்றில் மிதக்கும் வீடு அவனுடையது. வீட்டுக்கு அடியிலேயே மீன் கூண்டு. கூடத்தின் நடுவே ஒரு பலகைக் கதவு. திறந்தால் தண்ணீர்... ஆயிரக்கணக்கில் கெளுத்தி!

பத்து நாளுக்கு முன் ஒரு வாய்த்தகராறு. ஒரே ஒரு தள்ளு. அந்தத் துவாரத்துக்குள் விழுந்த மச்சினன் ஹோவா திரும்ப வரவில்லை.

மியென் வந்தாள். வலையால் ஒரு மீனை அள்ளி எடை போட்டுப் படிவத்தில் எழுதினாள். செல்போனை மேசையில் சாய்த்து வைத்தாள்.

"மேனேஜர் வீடியோவுல இருக்காரு. சதையை அவரும் பாக்கணுமாம்."

கத்தி இறங்கியது. தோல் உரிந்தது.

அவள் முகம் மாறியது.

"ஒரு கிலோவுல நிக்க வேண்டிய மீன் அண்ணே. ஒன்றரை இருக்கு. கொழுப்பு கட்டிக் கிடக்கு. தொட்டா குழியுது."

"நல்லா திங்குதுங்க..." என்றான் லாம்.

"என்னத்தைத் தின்னுச்சு? சதை வெள்ளையா இருக்கணும். மஞ்சளா இருக்கு பாருங்க. ஆலைத் தீனி மட்டும் இல்ல... வேற என்னமோ உள்ள போட்டிருக்கீங்க."

லாம் வலையை எடுத்து ஆணியில் மாட்டினான்.

"தீனி பாக்கறது உங்க மச்சினன்தானே? கூப்பிடுங்க அவரை."

"அவன்... சைகானுக்கு வேலைக்குப் போயிட்டான். பத்து நாளாச்சு."

"நீங்க மறைச்சாலும் சதை காட்டிக் குடுத்துரும் அண்ணே. உள்ள என்ன போட்டீங்க?"

அவன் பார்வை பலகைக் கதவின் மேல் போய் நின்றது. அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"வேணும்னு பண்ணல! குடிச்சுட்டு ஏசினான்... தள்ளினேன். தலை கட்டையில மோதிருச்சு. நான்தான் பலகையை மூடினேன். மீனு தின்னும்னு நான் நெனைக்கவே இல்ல..."

கீழே மீன்கள் தண்ணீரை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மியென் கத்தியை இறுகப் பற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"நான்... பூசணிக்காயைச் சொன்னேன் அண்ணே. மாசக்கணக்கா பூசணிக்கா போட்டாத்தான் இப்படி மஞ்சளாகும். பத்து நாள் தீனிக்கு ஆகாது."

லாம் ஓர் அடி முன்னால் வைத்தான்.

மேசை மேலிருந்து ஒரு செருமல்!

"அங்கேயே நில்லு லாம்," என்றது மேனேஜரின் குரல். "இன்னொரு போன்ல போலீஸுக்குச் சொல்லியாச்சு. மியென்... படிவத்துல 'தீனி'ங்கிற இடத்தை மட்டும் காலியா விடும்மா. அதை அவங்க எழுதிக்குவாங்க."