பலகை மூன்றாம் முறை தாழ்ந்தது

கல்யாணம் முடிந்து எட்டாம் நாள், ஞாயிறு பிற்பகல், பாலேந்திரா தன் வீடியோக் கமராவையும் தங்கை சிவகௌரியையும் அவள் கணவன் சிவானந்தனையும் காரில் ஏற்றிக்கொண்டு விம்பிள்டனுக்குப் பக்கத்திலிருந்த சீனத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். 1993ஆம் ஆண்டு லண்டனில், மணமக்கள் ஏதாவதொரு தோட்டத்தில் நடப்பதை வீடியோ எடுக்காவிட்டால் அந்தத் தமிழ்க் கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்பதே சந்தேகம். மற்றவர்கள் ரோஜாத் தோட்டத்தோடு திருப்திப்பட்டார்கள். பாலேந்திரா கலைஞன்.

நூறு வருடங்களுக்கு முன் ஒரு தேயிலை வியாபாரி சீனாவிலிருந்து கல்லையும் கொத்தனையும் கப்பலில் இறக்கிக் கட்டிய தோட்டம் அது. இப்போது கவுன்சிலின் பொறுப்பில் இருந்தது. வாசலில் நின்ற வெள்ளைக்காரக் காவல்காரி ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டி, “குளத்தைப் பாலத்தால் மட்டும் கடவுங்கள்,” என்றாள். பாலேந்திரா பணிவாகத் தலையாட்டிவிட்டு அந்தப் பிரசுரத்தில் மட்டன் ரோல்ஸைச் சுற்றி வைத்தான்.

வாசல் முழுநிலவைப் போல வட்டமாக இருந்தது. அதற்குள் காலை வைத்ததும் தெருச் சத்தம் கத்தரித்ததுபோல் நின்றது. வெள்ளைச் சுவரில் மூங்கில் நிழல்கள் அசைந்தன. யாரோ மையால் எழுதி எழுதி அழிப்பதுபோல் இருந்தது. ஏரியின் அடியில் கிடந்து, தண்ணீர் தின்று துளை விழுந்த பாறைகள் ஆளுயரத்துக்கு நின்றன. சுவர் நெடுக ஜன்னல்கள். ஒன்றின் பின்னல் வேலை இன்னொன்றில் இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளாலும் ஒரே குளம் வேறு குளமாகத் தெரிந்தது.

குளத்தின் நடுவில் ஒரு மண்டபம். அதற்குப் போக, ஒன்பது முறை வளையும் கற்பாலம்.

அதுதான் சிக்கல். வளைவுக்கு வளைவு மணமக்கள் கமராவுக்கு முதுகைக் காட்டினார்கள்.

“உந்தப் பாலத்தைக் கட்டினவன் குடிவெறியிலை கட்டியிருக்கிறான்,” என்றான் பாலேந்திரா.

“மச்சான், சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடை நோகுது,” என்றான் சிவானந்தன்.

சுவரோரம் கட்டட வேலைக்காரர் விட்டுப்போன நீளப் பலகை ஒன்று கிடந்தது. பாலேந்திரா அதை மண்டபத்துப் படியிலிருந்து கரைக்கு நேராகப் போட்டான். கரையில், பலகைக்கு நேரெதிரே, கமராவோடு நின்றான்.

“நேரை என்னைப் பாத்து வாங்கோ. கரைக்கு வந்ததும் வலப்பக்கம் திரும்புங்கோ.”

சிவகௌரி கால் வைத்தாள். பலகை தாழ்ந்தது. சிவானந்தன் கால் வைத்தான். பலகை தாழ்ந்தது. இருவரும் வலப்பக்கம் திரும்பிப் புல்லில் இறங்கினார்கள்.

பலகை மூன்றாம் முறை தாழ்ந்தது.

மூங்கில் அசையவில்லை. பாசி பிடித்த பழந்தண்ணீர் மணம் மட்டும் குளிராக வந்து அவன் முகத்தில் பட்டது. குளம் என்றால் மணக்கத்தான் செய்யும் என்று நினைத்தபடி கமராவை மூடினான்.

மறுநாள் செவன் கிங்ஸிலிருந்த தன் வீட்டில் ஒளிநாடாவைப் போட்டுப் பார்த்தான். அம்மா தவநாயகி தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றாள்.

திரையில், சிவானந்தனுக்குப் பின்னால், சாம்பல் நிறப் பட்டில் ஒரு பெண் குனிந்த தலையோடு நடந்து வந்தாள்.

“ஆரடா தம்பி உது? மாப்பிள்ளை பகுதியோ?”

“மாப்பிள்ளை பகுதியிலை சீனாக்காரர் இல்லை, அம்மா.”

“இல்லையெண்டு ஆர் விசாரிச்சது?”

விசாரித்தது பாலேந்திராதான். எட்டு வருடம் லண்டனில் தனியாக இருந்த மாப்பிள்ளையைப் பற்றி விம்பிள்டன் கோயிலில் ஒருவரிடம் கேட்டான், ஈஸ்ட் ஹாம் பலசரக்குக் கடையில் ஒருவரிடம் கேட்டான், மூன்றாவதாக மாப்பிள்ளையிடமே கேட்டான். மூவரும் பெடியன் தங்கம் என்றார்கள். அதை நம்பித்தான் தங்கையைக் கொடுத்தார்கள்.

அப்போது ரெலிபோன் அடித்தது. சிவகௌரியின் குரல் கிசுகிசுத்தது.

“அண்ணை, அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. இவருக்குக் கல்யாணத்துக்கு முதல் ஆரும் இருந்தவையோ?”

“ஏன்?”

“நேற்று நீங்கள் எங்களைக் கொண்டுவந்து விட்ட பிறகு, கதவடியிலை ஈரக் கால் அடையாளம். சின்னக் கால், பொம்பிளைக் கால். கேட்டால் தெரியாது எண்டுறார். நான் பெட்டி அடுக்கிப்போட்டன்.”

“பொறு. வாறன்.”

கார்த் திறப்பைத் தேடிய கையில் எண்ணெய் ஊறிய துண்டுப்பிரசுரம் அகப்பட்டது. ரோல்ஸ் துகளைத் தட்டிவிட்டுப் படித்தான். பாலம் வளைவது ஒவ்வொரு திருப்பத்திலும் புதுக் காட்சி தெரிவதற்காக. ஆவிகள் நேர்கோட்டில் மட்டுமே நடக்கும், வளைவைக் கடக்காது என்பதும் பழைய நம்பிக்கை. வியாபாரியின் சீன மனைவி அந்த மண்டபத்தில்தான் இறந்தாள். அதற்குப் பிறகு அவன் எட்டு வளைவுப் பாலத்துக்கு ஒன்பதாவது வளைவைச் சேர்த்தான். காரணம் தெரியவில்லை என்று அச்சடித்திருந்தது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். தவநாயகி நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள்.

“பேய்தானே. நான் ஆளெண்டெல்லோ பயந்திட்டன்.”

ஈஸ்ட் ஹாமில், மணமக்கள் வீட்டுக் கதவடியில், சிவகௌரி பெட்டியோடு நின்றாள். சிவானந்தன் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாலேந்திரா பிரசுரத்தை விரித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். தான் குற்றமற்றவன் என்று பேயே வந்து சாட்சி சொன்னதில் சிவானந்தனின் முகம் தெளிந்தது. சிவகௌரியின் முகம் தெளியவில்லை.

“அண்ணை,” என்றாள் மெதுவாக. “பாசி மணம் நேற்று நீங்கள் போனதோடை போயிட்டுது. இரவும் இல்லை, காலமையும் இல்லை.”

“பிறகென்ன?”

“இப்ப திரும்ப மணக்குது.”

பாலேந்திரா குனிந்து பார்த்தான்.

வாசலிலிருந்து ஈரக் கால் அடையாளங்கள் நேராக வந்து, அவன் குதிக்கால்களுக்குப் பின்னால் நின்றிருந்தன.

பலகை முடிந்த இடத்தில் மணமக்கள் வலப்பக்கம் திரும்பினார்கள். பின்னால் வந்தவளுக்குத் திரும்பத் தெரியாது. நேரே எதிரில் நின்றவன் அவன்.

சிவகௌரி பெட்டியை உள்ளே கொண்டுபோனாள். “கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ அண்ணை,” என்றாள், வழிதவறி வந்த விருந்தாளியைப் பற்றிப் பேசுவதுபோல.

செவ்வாய் பிற்பகல் பாலேந்திரா நிலவு வாசலுக்குள் நுழைந்தான். பலகை இல்லை.

“ஞாயிறே எடுத்துவிட்டார்கள்,” என்றாள் காவல்காரி. “பாலத்தால் மட்டும் கடவுங்கள்.”

அவன் ஒன்பது வளைவையும் கடந்து மண்டபத்தில் போய் இருந்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக மணம் இல்லை. மூச்சு நன்றாக வந்தது.

கரையில், பாலம் தொடங்கும் இடத்தில், புல் இரண்டிடத்தில், சின்னக் கால்களின் அளவுக்கு, அமுங்கியிருந்தது.

மூடும் மணி அடித்தது.

அவன் எழுந்து நடந்தான். ஒவ்வொரு வளைவிலும் தோட்டம் புதிதாகத் தெரிந்தது. மூங்கில், துளைப் பாறை, வெள்ளைச் சுவர்.

ஒவ்வொரு வளைவிலிருந்தும் அந்தப் புல்லும் தெரிந்தது.

கடைசி வளைவில் அவன் நின்றான். பிறகு புல்லுக்கு வலப்பக்கமாக, தள்ளியே இறங்கினான்.

அமுங்கிய புல் நிமிர்ந்தது.

ஒரு அடி இப்பால், அவன் பக்கமாக, இன்னொரு புல் தாழ்ந்தது.