ரிவைண்ட் பொத்தான்

மழையே இல்லாத அந்த மாலையில், கேட்டுக்கு உள்பக்கம் சிமெண்டுத் தரையில் இரண்டு ஈரப் பாதத்தடங்கள் இருந்தன. வெறுங்கால்கள். விரல்கள் சாலையைப் பார்த்திருந்தன. யாரோ வீட்டிலிருந்து வெளியே போயிருக்கிறார்கள் என்று குமரவேல் நினைத்தான். ஆனால் வீட்டுக் கதவிலிருந்து அந்த இடம்வரை தரை காய்ந்து கிடந்தது.

புக்கிட் பெலிம்பிங்கில் அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து அதிக நாளாகவில்லை. அவன் மனைவி திலகா புஞ்சாக் ஆலாமில் வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும். அதுவரை அவனுக்குத் துணை, ஆன்லைனில் வாங்கிய கையடக்க கேம் கருவிதான். சிறுவயதில் தோட்டத்து லயக் குடியிருப்பில், நண்பன் செல்லன் வீட்டு டிவிக்கு முன்னால் இருவரும் முட்டிமோதி விளையாடிய கேசட் கேம்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. பழைய மெஷினில் இல்லாத ஒன்றும் இருந்தது: ரிவைண்ட் பொத்தான். ஆற்றைத் தாண்டும் கட்டத்தில் அவனுடைய வீரன் எப்போதும் தண்ணீரில் விழுவான். பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். மூழ்கியவன் நீரைப் பிளந்துகொண்டு எழுந்து, முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகவே கரையேறுவான். அப்போது பாட்டும் பின்னோக்கி ஓடும். வாய் நிறையத் தண்ணீரோடு ஒருவன் பேச முயல்வதுபோல இருக்கும் அந்தச் சத்தம்.

அது அவன் முன்பே கேட்ட சத்தம்.

சில வருஷங்களுக்கு முன்பு, செகிஞ்சானிலிருந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிள் சறுக்கி, அவனும் செல்லனும் வயலோரம் ஓடும் பாரிட்டுக் கால்வாயில் விழுந்தார்கள். தைப்பூசம் முடிந்ததும் தனக்கும் திலகாவுக்கும் கல்யாணம் என்று செல்லன் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். கரைப் புல்லைப் பற்றிய குமரவேலின் காலைச் செல்லன் பிடித்துக்கொண்டான். இழுத்து ஏற்றியிருக்கலாம். குமரவேல் உதைத்தான். பிடி விடும்வரை முகத்திலேயே உதைத்தான். விபத்து என்று எல்லாரும் நம்பினார்கள். திலகாவுக்கு ஆறுதல் சொல்லப் போனவன், கடைசியில் அவளுக்குத் தாலியும் கட்டினான்.

கேட்டருகே தடங்களைக் கண்ட மறுநாள், அவை வாசற்படிக்கு வந்திருந்தன. அதற்கடுத்த நாள், ஹாலுக்குள். சாம்பல்நிறச் சேறு, அழுகிய வைக்கோலும் பெட்ரோலும் கலந்த வாடை. துடைக்கத் துடைக்க டைல்ஸில் மங்கலாக எழும்பும் குதிகால்கள். விரல்கள் எப்போதும் வாசலையே பார்த்திருந்தன. மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. யாரும் வெளியே போகவில்லை. யாரோ திரும்பாமலே, பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள்.

கருவியை அணைத்து, அலமாரியில் துணிகளுக்கடியில் செருகினான்.

காலையில் பசியாறும்போது திலகா, "நேத்து தூக்கத்துல பேசுனீங்க," என்றாள்.

"என்னா பேசுனேன்?"

"'கால விடுடா செல்லா'ன்னீங்க."

ஏதோ கனவு லா என்று சொல்லிவிட்டு அவன் எழுந்துகொண்டான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு சிங்குக்குப் போனாள். அவன் சட்டை மாட்டிக்கொண்டு வந்தபோதும், சிங்க் முன்னால் நின்று அதே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று வேலையிலிருந்து வந்து அசதியில் படுத்தவன் கண்விழித்தபோது இருட்டிவிட்டிருந்தது. அறை வாசலில் ஈரத்தடங்கள். புதியவை. நீர் இன்னும் பரவிக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவு திறந்து கிடந்தது.

எழுந்து நின்றான். ஹாலில் அந்தப் பாட்டு. பின்னோக்கி.

விளக்கு போடவில்லை. கதவுவழியே தெரிந்த சோபாவில் திலகா. கருவியின் நீல வெளிச்சம் அவள் முகத்தில். கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடி.

"அத நிப்பாட்டு, திலகா."

"இன்னுங் கொஞ்சந்தான்," அவள் தலை தூக்கவில்லை. "நீங்க இத அழுத்துறப்பல்லாம் ஒவ்வொரு அடியா உள்ள வந்தாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏன்னுதான் தெரியாம இருந்துச்சு."

அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முதுகு நின்றது.

ஒட்டிய சட்டை. பிடரியில் பாசி. அது ஓர் அடி பின்னால் வைத்தது. இன்னோர் அடி. குமரவேலால் அசைய முடியவில்லை. சில்லிட்ட குதிகால் அவன் கால்விரலைத் தொட்டது.

திலகா கட்டைவிரலை எடுத்தாள்.

பாட்டு முன்னோக்கி ஓடத் தொடங்கியது. துள்ளலான பாட்டு. அந்த முதுகு மெல்லத் திரும்பியது. உதைபட்டுச் சப்பையான முகம். உதடுகளின் இடத்திலிருந்து சேற்றுநீர் வழிந்தது. அது குனிந்து அவன் கணுக்காலைப் பற்றியது.

உதைத்தான். மறுபடி உதைத்தான். பிடி விடவில்லை. காலுக்கடியில் டைல்ஸ் இல்லை. குளிர். முழங்கால்வரை. இடுப்புவரை. திலகாவை நோக்கிக் கையை நீட்டினான். பேர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தான். வாய் நிறையத் தண்ணீர்.

திலகா கால்களைச் சோபாமேல் தூக்கி மடித்துக்கொண்டாள். சேலை நுனி நனையாமல் சுருட்டிப் பிடித்தபடி, அந்தக் கை மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.