துணி திணித்த மணி

விளக்கேற்றிவிட்டுக் கமலாட்சி பூஜை மணியை ஆட்டினாள். மணி ஒலிக்கவில்லை. ஈரத்துணியில் குத்தியதுபோல் ‘தொப்’ என்றது.

“என்னங்க, நேத்துகூட நல்லாத்தானே அடிச்சிச்சு?” உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் இரவல் மணி வாங்கப் போனாள்.

அவள் கணவர் விநாயகமூர்த்தி மணியை எடுத்து மறுபடி ஆட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு கம்பெனி மாவ்பி என்ற ஊருக்கு ஓடவிட்ட பழைய நீராவி ரயிலுக்கு மூர்த்திதான் டிரைவர். அங்கே எஞ்சினைத் திருப்ப வழியில்லாததால், திரும்பும்போது அது பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். மூர்த்திக்கு எதிரே வருவது தெரியாது. முன்பெட்டியில் நின்று பாதையைப் பார்ப்பவன் கிறிஸ்டோபர். அவனிடம் பிரேக் கிடையாது, கயிறு ஒன்றுதான். இழுத்தால் எஞ்சினில் மூர்த்தியின் தலைக்கு மேலே மணி அடிக்கும். நாய் குறுக்கே ஓடினாலும் இழுக்கிற பயந்தாங்கொள்ளி அவன். விபத்து நடந்த அன்றைக்கு மூர்த்திக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. சிவப்புக் கட்டம்போட்ட தலைத்துண்டை மணிக்குள் திணித்துவிட்டார். ரயில்வே கேட்டில் செங்கல் லாரி ஒன்று சிக்கி நின்றிருந்தது. கிறிஸ்டோபரோடு சேர்ந்து முன்பெட்டி அப்பளமாக நொறுங்கியது.

துண்டை உலையில் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினார். விசாரணையில், “மணி அடிக்கலை” என்றார். கிறிஸ்டோபர் தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள்.

தகரக் கூரையில் மழை வலுத்தது. ஊதுவத்தி வாசனைக்குள் எங்கிருந்தோ நனைந்த கரியின் நெடி மெல்ல மெல்லக் கலந்து, அவர் முகத்தைத் திருப்பிய பக்கமெல்லாம் வந்தது. தெருவில் போன சைக்கிள் ரிக்‌ஷாவின் மணியும் தொப் என்றது.

வாசலில் கிறிஸ்டோபரின் மனைவி மார்த்தா நின்றாள். கன்னத்தில் பூசியிருந்த தனகாச் சாந்து சாரலில் வழிந்தது.

“அண்ணே, சர்ச்சுல எல்லாரும் அவரைத் தூங்குமூஞ்சின்னு பேசுறாங்க. பையன் ஸ்கூலுக்கே போகமாட்டேங்கறான். ஆண்டவர் சாட்சியா சொல்லுங்க, மணி அடிக்கவே இல்லையா?”

சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது.

“அடிக்கலைம்மா.”

அவள் தலையாட்டிவிட்டுக் குடையை விரித்து நடந்தாள். தளர்ந்துபோன அந்த நடையை அவரால் பார்க்கத் தாளவில்லை. பாவி, பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வாசலுக்கு ஓடி, மார்த்தா என்று உரக்கக் கூப்பிட்டார்.

தொப்.

மறுபடி கூப்பிட்டார்.

தொப். தொப்.

வாய்க்குள் ஏதோ. கரி நெடி. விரலை விட்டு இழுத்தார்.

துணி. சிவப்புக் கட்டம். கருகிய ஓரம். இழுக்க இழுக்க வந்தது. முடியவில்லை.

முனை தரையில் விழுந்தது. விழுந்து கிடக்கவில்லை. படி தாண்டியது. மழையில் இறங்கி, மார்த்தாவையும் முந்தி, ரயில் பாதைப் பக்கம் ஊர்ந்து போனது.

துணி விறைத்தது.

அந்தக் கோடியிலிருந்து யாரோ இழுத்தார்கள். விடாமல். எதிரே எதையோ பார்த்துவிட்டவன் இழுப்பதுபோல. ஒவ்வொரு இழுப்புக்கும் மூர்த்தியின் தலை கதவு நிலையில் மோதியது. தொப். தொப்.

மார்த்தா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள்.