ஐப்பசிக் குளத்துத் தண்ணீர்

ஜஸ்னா கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். வாப்பா துபாயிலிருந்து சுமந்து வந்த, ஒட்டகமே ஏறிப் படுத்தாலும் முனகாத மெத்தை மேலே வெறுமையாய் இருக்க, பிள்ளை சிமெண்டுத் தரையில் பல்லியாய் வயிறு ஒட்டிக் கிடந்தாள்.

“எப்பத்துல இருந்து இப்பிடி?” என்றாள் உம்மா முப்ஷிரா, சொட்டுகிற குடையை மடக்காமலே.

“காலையில இருந்தேதான். தூக்கிப் போட்டா உருண்டு எறங்கிருதா. அடம்னா அடம், உன்னப் போல,” என்று சிரித்தான் அஹ்சன். விடுப்பில் வந்தவனுக்குப் பிள்ளை செய்வதெல்லாம் வேடிக்கை.

வெளியே, இராஜாக்கமங்கலத்துக் கடலையே யாரோ அண்டாவில் மொண்டு ஊர்த்தலையில் கவிழ்ப்பது போல மழை. ஆனால் வீட்டுக்குள் அடித்தது மழை வாசனை இல்லை. சேறும் பாசியும் கலந்த குளத்து வாடை. அதை முப்ஷிரா நன்றாக அறிவாள். குளத்து நீரில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் உயிர்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதுதான் அவளது ஆராய்ச்சி. கோடையில் குளம், கிளியே பார்த்து வெட்கப்படும் பச்சை. ஐப்பசி மழை விழுந்ததும் பச்சை மடிந்து பழுப்புப் பாசி பெருகும். அதை மேயக் கண்ணாடி உடம்புப் பூச்சிகள் கோடி கோடியாய்ப் பொரிக்கும். உயிரோடு பார்க்கவென்று ஒரு பாட்டில் மொண்டு வந்து பிரிட்ஜில் வைத்திருந்தாள். கோடைத் தண்ணீரென்றால் நிறத்தைப் பார்த்தே ஒருவரும் தொடமாட்டார்கள்.

பிரிட்ஜைத் திறந்தாள். பாட்டில் இல்லை.

“ஏங்க, இதுல இருந்த பாட்டில்?”

“அந்தப் பழுப்பு ஜீரக வெள்ளமா? பிள்ளை தாகம்னா, குடுத்தேன். மிச்சம் நான் குடிச்சேன். ஏட்டி, என்னத்தப் போட்டுக் கொதிக்க வச்ச? ஒரே சேத்து மணம்!”

அவள் பிரிட்ஜ் கதவை அறைந்து சாத்தினாள்.

“வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போணும்.”

“போலாம்.” அவன் கண்ணைக் கசக்கினான். “கொஞ்சம் இருட்டட்டும். வெளிச்சம் குத்துது.”

பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு கேட்டது. கரண்ட் போனது.

பகலெல்லாம் குளத்தின் அடியில் பதுங்கிக் கிடக்கும் அந்தப் பூச்சிகள், இருட்டியதும் இரை தேடி மேலே ஏறும். தினமும். தவறாமல். பரீட்சைத் தாளில் அவளே எழுதியதுதான்.

டொக்.

கட்டில் கால் தரையை விட்டு எழும்பி விழுந்தது.

மறுபடியும். டொக்.

அடியிலிருந்து முட்டுகிறது.

“ஜஸ்னா! மக்கா!”

கட்டில் சரிந்தது. செல்போன் வெளிச்சத்தில் பிள்ளையின் பாதம் அவள் முகத்தைத் தாண்டி மேலே போனது. எட்டிக் கணுக்காலைப் பிடித்தாள். குளிர். வழுவழுப்பு. கணுக்காலின் ஊடே தெரிந்தன, மறுபுறம் மடிந்திருந்த அவளுடைய சொந்த விரல்கள்.

வழுக்கியது. பிள்ளை மேலே போய்விட்டாள்.

“ஏங்க! பிள்ளையப் பிடிங்க!”

வெளிச்சத்தைத் திருப்பினாள். அவன் நின்ற இடத்தில் செருப்பு மட்டும் இருந்தது, ஜோடி கலையாமல்.

“உம்மா, பசிக்குது.”

குரல் உச்சியிலிருந்து வந்தது.

கூரையில் முதுகு ஒட்டி இருவரும் மிதந்தார்கள். கண்ணாடி உடம்பு. உள்ளே ஆளுக்கொரு இதயம், படபடவென்று. இருட்டில் வாய்கள் திறந்து மூடின, திறந்து மூடின. பிறகு இரண்டு தலைகளும் மெல்ல அவளைப் பார்த்துக் கவிழ்ந்தன.