லண்டன் ஒன்பது மணி

மார்ச் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, பிற்பகல் மூன்றேகால். கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த செண்பகவல்லியின் துப்பறியும் அலுவலகத்துக்குள் ஆனந்தி ஓடி வந்தாள். அவளுக்குப் பக்கத்து மாடியில், ஒரு பன்னாட்டுச் சட்ட நிறுவனத்தின் கிளையில் வேலை. அங்கே வழக்காடுபவர் யாருமில்லை. லண்டன் வக்கீல்களுக்கு வேண்டிய பத்திரங்களைச் சரிபார்த்து அனுப்புவதுதான் பிழைப்பு.

"எட்டயபுரம் கொம்பையா அண்ணாச்சியோட மூலப் பத்திரத்தக் காணும் மேடம். அஞ்சு மணிக்குத் திருப்பி வாங்க வருதாரு. கிடைக்கலன்னா நான் லண்டன் ஆபீசுக்கு மாத்தலாகிப் போறது அவ்வளவுதான்."

"எப்பக் காணாமப் போச்சு?"

"இன்னைக்கு லண்டன் மீட்டிங் ஒன்றரைக்கே வந்துட்டு. முடிச்சு, ரெண்டேகாலுக்குத்தான் எல்லாரும் சாப்பிடப் போனோம். மூணு மணிக்கு வந்து பாத்தா மேசைல இல்ல. சாப்பிட வராதது ஜெயபாண்டி அண்ணனும் பிரேமாக்காவும்தான். அக்கா காலைல அரைநாள் லீவு, நாங்க சாப்பிடப் போன பெறகுதான் வந்தாவ. லண்டனுக்கு ரெண்டு பேருமே கேட்டிருந்தாங்க."

"அப்பம் ரெண்டுல ஒண்ணு!" என்று துள்ளி எழுந்தான் இசக்கிபாண்டி. ஆட்டோவை விற்றுவிட்டு செண்பகவல்லியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். யாரைப் பார்த்தாலும் விலங்கு மாட்டத் துடிப்பான்.

மூவரும் பக்கத்து மாடிக்குப் போனார்கள். ஆனந்தியின் அலுவலகச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். கோவில்பட்டிக்கு மூன்றரை, லண்டனுக்குப் பத்து. செண்பகவல்லி அவற்றையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜெயபாண்டியையும் பிரேமாவையும் தனித்தனியாக அழைத்தாள்.

ஜெயபாண்டி ஒரு பொட்டலத்தை நீட்டினான். "கடலமிட்டாய் வாங்கப் போனேன். ஆனந்தி கொண்டுபோகட்டும்னு. வயித்தெரிச்சல் இல்லன்னு சொல்லல. அதுக்காகப் பிள்ளைய வெறுங்கையோடயா அனுப்ப முடியும்?"

பிரேமா நிதானமாகச் சொன்னாள். "ரெண்டரைல இருந்து மூணு வரைக்கும் கண்ணாடி ரூம்ல லண்டன் மீட்டிங்ல இருந்தேன். அவியளுக்கு ஒன்பது மணி. தினமும் உள்ளதுதான்."

"ஜெயபாண்டிதான் மேடம்! வயித்தெரிச்சல்னு அவன் வாயாலயே சொல்லிட்டாம்லா!" என்று காதைக் கடித்தான் இசக்கிபாண்டி.

"வாயால சொன்னவன் அதோட தீத்துக்கிட்டான். உள்ளேயே வச்சுக்கிட்டவிய யாருன்னு பாரு."

எல்லோரையும் கடிகாரங்களின் முன்னால் கூட்டினாள் செண்பகவல்லி.

"கோடைகாலம் வருதுன்னு லண்டன்ல நேத்தே கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளிட்டாங்க. அவங்க ஒன்பது மணி இன்னைக்கு நமக்கு ஒன்றரை. ஒன்றரைக்கு இங்க இல்லாத பிரேமாவுக்கு அது தெரியல. இந்தச் சுவத்துக் கடிகாரத்துல பழைய நேரம்; அத நம்பிட்டாங்க. ரெண்டரைக்கு நீங்க எந்த லண்டனோட பேசுனீங்க பிரேமா?"

ஆனந்தி லண்டன் கடிகாரத்தைக் காட்டினாள். "வருசா வருசம் ஸ்டூல் போட்டு ஏறி அந்த முள்ளத் திருப்பி வைக்கது நீங்கதானக்கா."

"வெள்ளிக்கிழமை லண்டனுக்கு உன் பேரு வந்ததுல இருந்து அந்த முள்ளோட நெனப்பே எனக்கு வரலட்டி. பதினோரு வருசமா நான் காத்துக்கிட்டு இருந்த ஊரு. நான் வேல சொல்லிக்குடுத்த பிள்ள போகுது. பொறுக்கல."

தன் சாப்பாட்டுப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "கிழிக்கத்தான் எடுத்தேன். உழுது பொழைக்கிற சம்சாரியோட நிலம், மனசு வரல."

ஐந்து மணிக்குக் கொம்பையா பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார். பிரேமா தானே மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். நாளை முதல் வர வேண்டாம் என்றார் அவர். பையை மாட்டிக்கொண்டு அவர் அறையை விட்டு வெளியே வந்தவள், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, லண்டன் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பினாள். ஸ்டூல் ஆடியது. ஆனந்தி ஓடிவந்து பிடித்தாள்.

"பிடிக்க வேண்டாம், விடு," என்றாள் பிரேமா, கீழே பார்க்காமல்.