மச்சான் பிடிக்கும் கயிறு

ஒரு இழுப்பு என்றால் 'சுகமா?' என்று கேள்வி. அதே ஒரு இழுப்பைத் திருப்பிக் கொடுத்தால் 'சுகம்' என்று பதில். ஆறு வருடமாக அம்புறோஸுக்கும் அவனுடைய மச்சான் றிஷிக்கும் இடையில், தண்ணீருக்குக் கீழும் மேலுமாக, இந்த ஒரு பேச்சுத்தான் பிழையில்லாமல் நடந்துவந்தது. இன்றைக்கு அந்த இழுப்பு வந்த விதம் சரியாக இல்லை.

றிஷிக்குப் பொறுமை கிடையாது. வெடுக்கென்று இழுத்துவிட்டு, பதில் வருமுன்பே அடுத்த சிகரெட்டைத் தேடுகிறவன். இது அப்படி வரவில்லை. மெதுவாக வந்தது, நெஞ்சுப் பட்டியை ஒரு பக்கம் சரித்து, இழுத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து, பிறகு விட்டது. தூண்டிலில் ஏதும் கொத்தியிருக்கிறதா என்று பார்க்கிறவன் அப்படித்தான் பார்ப்பான்.

அம்புறோஸ் ஒரு இழுப்புக் கொடுத்தான். சுகம்.

ஜூலை மாதம். மெல்பேணுக்குத் தெற்கே ஒரு பழைய இறங்குதுறையின் அடியில், எட்டு மீற்றர் ஆழத்தில், பதினொரு பாகைக் குளிரில், மரத்தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி அவன் மட்டி சுரண்டிக்கொண்டிருந்தான். மேலே பகல் இரண்டு மணி வெயில் இருக்கும். இங்கே டோர்ச் வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை, அதற்கு அப்பால் தேயிலைச் சாயம்போலக் கலங்கிய தண்ணீர், அதற்குள் மிதந்து திரியும் மட்டித் தூள், கண்ணாடிக்குள் பழைய றப்பர் மணம், வாயில் சிலிண்டர் காற்றின் வறண்ட இரும்புச் சுவை. தூண்களில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன இறால்கள் நாலா பக்கமும் கொடுக்குகளைச் சொடுக்கிச் சோளம் பொரிவதுபோல் வெடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே, பலகையில் றிஷியின் சப்பாத்துகள் நடப்பது கேட்டது. டக், டக், டக். கரைப்பக்கமாகப் போயின. அதற்குச் சற்று முன்புதான், ஆழமான பக்கத்தில், ஏதோ தொப்பென்று தண்ணீரில் விழுந்திருந்தது. நீர்க்காகம் ஒன்று பாய்ந்திருக்கும் என்று நினைத்தான்.

இழுப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

அம்புறோஸின் தகப்பன் மன்னாரில் சங்கு குளித்தவர். அவர் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: குளிக்கிறவனுடைய கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிக்கவேண்டும். கூடப்பிறந்தவன் காணித் துண்டுக்காகக் கையை விட்டாலும் விடுவான். மச்சான் விடமாட்டான், விட்டால் அறுவது அவனுடைய தங்கச்சியின் தாலி. இங்கே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது அம்புறோஸ் யோசிக்காமல் றிஷியைக் கூப்பிட்டது அதனால்தான். "வேற ஆரிட்டயும் என்ர உசிரைக் குடுக்கமாட்டன்" என்று மனைவி ஜெனோஜாவிடம் பெருமையாகச் சொல்லியுமிருக்கிறான்.

அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்ததை மூன்று கிழமைக்கு முன்புதான் கண்டான். ட்ருகனினாவில் இருக்கும் அவர்கள் வீட்டின் குசினியில், சோறு காய்ச்சும் குக்கருக்குப் பக்கத்தில், ஜெனோஜா தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். சிட்னியில், டூங்கபியில், கூடப் படித்தவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அவளை அடித்தது ஒரு தரம்தான். ஒரு தரம்தான் என்று மூன்று கிழமையாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, அவனுக்கே அது நம்பிக்கையாக வந்துவிட்டது.

றிஷிக்குத் தெரியுமா? காலையில் இருந்து அவனை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். அவர்களோடு வேலை செய்யும் மூன்றாவது ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. வேலையைத் தள்ளிப்போட்டிருக்கலாம், ஆனால் தள்ளிப்போட்டால் ஏன் என்று றிஷி கேட்பான். நெஞ்சில் கயிற்றைக் கட்டும்போது றிஷி முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு முடிச்சுப் போட்டான். அதற்கு மேல் இன்னொன்றும் போட்டு இறுக்கினான்.

"ஜெனோ போன் எடுக்கிறாளில்லை. என்ன விசயம்?"

"டபிள் ஷிப்ட் மச்சான். நித்திரையாக் கிடப்பாள். அதோட போனும் பழுது."

"ஓம்," என்றான் றிஷி. முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றான் இன்னொரு தரம்.

ஒரு ஓம் போதாதா? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அம்புறோஸுக்குக் கனம் நெஞ்சில் இருந்தது, வழியோ நேராகக் கீழே போயிற்று. போன் பழுது என்று எதற்குச் சொன்னேன், யார் கேட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் ஏணியில் இறங்கினான்.

இப்போது மறுபடி ஒரு இழுப்பு. சுகமா?

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பதுதான் வழக்கம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்புறோஸ் பதில் கொடுத்தான். கை எடுக்குமுன் திரும்பவும் வந்தது, அதே மெதுவாக, அதே பிடித்து வைத்தலோடு. சுகமா? அவனுக்குக் கோபம் வந்தது. தெரிந்துவிட்டது இவனுக்கு, தெரிந்துகொண்டுதான் விளையாடுகிறான், என் தங்கச்சி சுகமா என்று கேட்கிறான். பயமும் வந்தது, ஆனால் கோபம்தான் முன்னால் நின்றது.

இரண்டு இழுப்பு என்றால் 'கயிறு விடு'. அடுத்த தூணுக்குப் போகிற சாட்டில் இரண்டு கொடுத்துப் பார்த்தான், மச்சான் ஒழுங்காகப் பிடிக்கிறானா என்று.

கயிறு வந்தது. தேவைக்கு இரண்டு கை விரித்த ஒரு பாகம் போதும், ஆனால் வந்துகொண்டே இருந்தது. வளையம் வளையமாக அவன் முழங்காலில், தோளில், டோர்ச்சின் மேல் சத்தமில்லாமல் படிந்தது. இவ்வளவு கயிறு விடுகிறவன் ஆளைத் தூக்க நினைக்கிறவன் இல்லை. அம்புறோஸ் மூச்சை எண்ணத் தொடங்கினான். வேகமாகத்தான் இருந்தது. சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் முள் எழுபதுக்கு இறங்கியிருந்தது.

நாலு இழுப்பு. கீழே இருந்து போனால் 'என்னைத் தூக்கு'. மேலே இருந்து வந்தால் 'வா'. சண்டை பிடித்த நாள்களில்கூட நாலு இழுப்போடு அவர்கள் விளையாடியதில்லை. அம்புறோஸ் தளர்ந்த கயிற்றை வலித்து எடுத்து, இறுகிய இடத்தில் நாலு கொடுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, ஒரு இழுப்பு. சுகமா?

நாலு கொடுத்தான். சுகமா? நாலு. சுகமா?

மேலே சப்பாத்துகள் திரும்பி வந்தன. டக், டக், டக். அவன் தலைக்கு நேர் மேலே வந்து நின்றன. ஏதோ கனமான பெட்டியில் ஆள் குந்திய சத்தம். சரி. மச்சான் மேலே, தலைக்கு மேலே இருக்கிறான். அப்படியென்றால் கயிறும் நேராக மேலேதான் போகவேண்டும். அம்புறோஸ் டோர்ச்சைக் கயிற்றில் பிடித்தான். நெஞ்சிலிருந்து முடிச்சு, முடிச்சிலிருந்து மஞ்சள் கயிறு, அது தூணின் பக்கமாகச் சாய்ந்தது. மேலே போகவில்லை. தூணைச் சுற்றிக்கொண்டு, ஆழமான பக்கத்துக்கு, கலங்கலுக்குள், சாய்வாகக் கீழே போயிற்று.

இறுகியிருந்தது.

எதிலாவது சிக்கியிருக்கும் என்று நினைக்கப் பார்த்தான். சிக்கிய கயிறு சுகமா என்று கேட்காது.

டோர்ச்சை அங்கே திருப்பவேண்டும் என்று நினைத்தான். திருப்பவில்லை. காலில் கட்டியிருந்த கத்தியை உருவினான். விரல்கள் குளிரில் மரத்துப்போய் யாருடையவோபோல இருந்தன. கயிற்றில் வைத்து அறுத்தான். ஒரு இழை. இரண்டு இழை. அப்போது மறுபடி இழுப்பு. கத்தி கையிலிருந்து நழுவிச் சேற்றுக்குள் போயிற்று.

தூண். தூணைப் பிடித்து ஏறு. கெதியாக ஏறக்கூடாது. மூச்சை அடக்கக்கூடாது. மட்டி ஓடுகள் கையுறையைக் கிழித்தன. ஒவ்வொரு மீற்றருக்கும் கயிறு இழுத்துப் பிடிக்கும் என்று பார்த்தான். பிடிக்கவில்லை. தாராளமாக விட்டுக்கொண்டே வந்தது. பெரிய மீனுக்கு நூல் விடுவதுபோல. வெளிச்சம் பச்சையானது. வெள்ளையானது. ஏணியின் இரும்பு கையில் பட்டதும் அவனுக்கு அழுகை வந்தது.

பலகையில் குப்புற விழுந்து, கண்ணாடியைக் கழற்றி எறிந்தான். இருமினான். வெயில் இருந்தது, சூடு இல்லை. முகத்துக்கு நேரே இரும்புக் கொம்பு. கயிற்றின் நுனியை எப்போதும் அதில்தான் கட்டி வைப்பார்கள். கொம்பு வெறுமையாக இருந்தது.

றிஷி சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து எழுந்தான். ஒரு கையில் போன். கண் சிவந்திருந்தது.

"கயிறு எங்க?" என்றான் அம்புறோஸ்.

"ஜெனோ எனக்குப் போன் எடுத்தவள். எல்லாம் சொன்னவள்."

"மச்சான், கயிறு எங்க?"

"அவிட்டுக் கடல்ல போட்டுட்டன்." றிஷி போனைப் பைக்குள் செருகினான். "தூக்க ஒரு ஆளில்லாமல் கொஞ்ச நேரம் கிடந்து பார் எண்டு. கால் மணித்தியாலமாச்சு."

கால் மணித்தியாலம். அம்புறோஸ் அதற்குள் வந்த இழுப்புகளை நினைத்துப் பார்த்தான். அதற்குத் தான் கொடுத்த பதில்களையும். சுகம், சுகம் என்று.

துறையின் விளிம்பில் சோர்ந்து கிடந்த மஞ்சள் கயிறு அசைந்தது. மெதுவாக நிமிர்ந்து, இறுகி, உள்ளேயிருந்த தண்ணீரைப் பிழிந்து பலகையில் சொட்டச் சொட்ட, அவன் நெஞ்சை ஒரு பக்கம் சரித்தது. பிடித்து வைத்திருந்தது. விட்டது.

றிஷியும் பார்த்தான். ஒரு அடி பின்வாங்கினான்.

"அது... கீழ ஆர்?"

"வெட்டு மச்சான்! கத்தியை எடு!"

சிலிண்டரைக் கழற்றாமல் பட்டியைக் கழற்ற முடியாது. விரல்கள் பட்டியைப் பூட்டும் கொளுவியில் பட்டு வழுக்கின. முடிச்சு, இரட்டை முடிச்சு, நனைந்து கல்லாக இறுகியிருந்தது. அம்புறோஸ் இரண்டு கையாலும் இரும்புக் கொம்பைக் கட்டிப்பிடித்தான். றிஷி இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டு வந்து குனிந்தான். அலகு கயிற்றில் தொட்டது. அங்கேயே நின்றது.

"என்ர தங்கச்சிக்கு அடிச்சனியே?"

"மச்சான்..."

"அடிச்சனியே?"

"ஒரு தரம்தான்," என்றான் அம்புறோஸ். அவன் அதை நம்பித்தான் சொன்னான்.

றிஷி அவனுடைய முகத்தைப் பார்த்தான், இன்றைக்கு முதல் தடவையாக. "அவள் நாலு எண்டு சொன்னவள்."

கயிறு இறுகியது. ஒன்று. அம்புறோஸின் முழங்கால்கள் பலகையில் உரசிக்கொண்டு போயின.

இரண்டு.

கொம்பிலிருந்து ஒரு கை விடுபட்டது. நுனியில் கட்டப்படாத கயிறு, யாரோ அளந்து இழுப்பதுபோல, நேராக ஆழத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

மூன்று.

றிஷி கத்தியை உறையில் செருகினான். பிறகு ஒரு அடி விலகி, கயிற்றுக்கு வழி விட்டான்.